பட்டாசு ஊரில் வேலைக் கணக்கு

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, சரவெடி செய்யக் கூடாது, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டுமே அனுமதி. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 6-இல் வந்தது. தீபாவளி கழிந்து சில வாரங்களில் பூசை போட்டுத் திறக்கும் ஆலைகள் அந்த முறை திறக்கவில்லை. பேரியம் இல்லாமல் தொழில் நடத்த முடியாது என்று உற்பத்தியாளர்கள் கதவடைத்தார்கள். விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் ஏறத்தாழ நான்கு மாதம் பூட்டிக் கிடந்து, 2019 மார்ச்சில்தான் திறந்தன.

அதே மாதங்களில் இந்தியா முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் இரண்டாவது ஆண்டு அது. 2018 ஜூலையில் தொடங்கி 2019 ஜூனில் முடிந்தது. நாட்டின் வேலையின்மை 5.8 விழுக்காடு என்று அதன் அறிக்கை சொன்னது. முந்தைய ஆண்டின் 6.1-ஐவிடக் குறைவு. ஒரு மாவட்டத்தின் நான்கு மாத முடக்கம் தேசிய விழுக்காட்டை அசைக்காது; அதை எதிர்பார்க்கவும் கூடாது. நான் கேட்பது வேறு. அந்த நான்கு மாதமும் கூலியில்லாமல் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்கே கணக்கெடுப்பாளர் வந்திருந்தால், அவர் வேலையில்லாதவர் என்று பதிவாகியிருப்பாரா?

பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்பதை விளக்கினால் இந்தியாவில் வேலையை அளக்கும் முறை முழுவதையும் விளக்கியதாகிவிடும்.

வேலையை அளக்க நம்மிடம் மூன்று கால அளவுகள் உள்ளன. முதலாவது ‘வழக்கமான நிலை’. கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய 365 நாட்களைப் பார்ப்பது. ஆண்டின் பெரும்பகுதியை ஒருவர் வேலை செய்தோ வேலை தேடியோ கழித்திருந்தால் அவர் உழைப்போர் அணியில் சேர்கிறார். அந்தக் காலத்துக்குள் வேலை செய்த நாட்கள் மிகுதியா, வேலையில்லாத நாட்கள் மிகுதியா என்று பார்த்து முதன்மை நிலை முடிவாகிறது. எட்டு மாதம் ஆலைக்குப் போனவர் நான்கு மாதம் சும்மா இருந்தாலும் வேலையில் இருப்பவரே. இதற்கு மேல் ‘துணை நிலை’ என்று ஒன்று உண்டு. ஆண்டின் பெரும்பகுதி வீட்டுவேலையில் இருந்த பெண், நடுவில் 30 நாள் ஏதாவது வருமான வேலை பார்த்திருந்தால் அவரும் துணை நிலையில் வேலையில் இருப்பவராகச் சேர்க்கப்படுகிறார். முதன்மையும் துணையும் சேர்ந்த இந்தக் கணக்கில் வருவதுதான் செய்திகளில் ஆண்டுதோறும் பார்க்கும் விழுக்காடு.

இரண்டாவது ‘நடப்பு வார நிலை’. முந்தைய ஏழு நாளில், ஏதாவது ஒரு நாளில், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். மூன்றாவது ‘நடப்பு நாள் நிலை’. ஏழு நாளையும் பதினான்கு அரை நாட்களாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு நாளில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்தால் முழு நாள். ஒன்று முதல் நான்குக்குள் என்றால் அரை நாள். இங்கே எண்ணப்படுவது ஆட்கள் இல்லை, நாட்கள்.

ஐப்பசி மழையில் ஒரு வாரம். ஆலை கிடையாது, வெயில் இல்லாமல் எதையும் காயவைக்க முடியாது. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண், அந்த ஏழு நாளில் ஒரே ஒரு நாள் களை எடுக்கப் போனார், மற்ற ஆறு நாளும் வேலை கிடைத்தால் போகத் தயாராக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கணக்கில் இவர் வேலையில் இருப்பவர். வாரக் கணக்கிலும் வேலையில் இருப்பவர். நாள் கணக்கில் மட்டும் ஏழில் ஆறு நாள் வேலையில்லாதவர். ஆள் ஒருவர்தான், வாரமும் ஒன்றுதான். மூன்று பதில்களும் அந்தந்த வரையறைப்படி சரியானவை. அவருடைய அடுப்பு எரிந்ததா என்பதற்கு மூன்றாவதுதான் கொஞ்சமாவது கிட்டத்தில் வருகிறது.

இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். புள்ளியியலாளர் மகலனோபிஸ் முயற்சியில் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஐந்தாண்டுத் திட்டங்களில் வேலையில்லாதோர் தொகை என்று ஆளுக்கொரு மதிப்பீடு சொல்லப்பட்டு, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் போனபோது, எம்.எல். தாந்த்வாலா தலைமையில் ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டு 1970-இல் அறிக்கை தந்தது. சொந்த நிலமும் கூலி வேலையும் குடும்பத் தொழிலும் பின்னிக் கிடக்கும் ஒரு பொருளாதாரத்தில் வேலையின்மையை ஒற்றை எண்ணாகச் சொல்வது பொருளற்றது என்பதே அக்குழுவின் சாரம். அதன்படி 1972–73-இல் நடந்த 27-ஆவது சுற்றில் மூன்று அளவுகளும் சேர்ந்து வந்தன. பிறகு ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2011–12-இன் 68-ஆவது சுற்று வரை, மூன்றும் அருகருகே அச்சாகிக்கொண்டிருந்தன. அந்தக் கடைசிச் சுற்றில் வழக்கமான நிலையில் வேலையின்மை 2.2 விழுக்காடு, வார நிலையில் 3.7, நாள் நிலையில் 5.6. சல்லடையின் கண் சிறுக்கச் சிறுக்கப் பிடிபடுவது கூடுகிறது. ஆண்டுக் கணக்கில் தெரிந்ததைப் போல் இரண்டரை மடங்கு வேலையின்மை நாள் கணக்கில் தெரிந்தது.

2017-இல் பி.எல்.எஃப்.எஸ். வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றிருந்தது ஆண்டுதோறும் என்றாயிற்று. பெரிய நன்மை அது. முதல் அறிக்கை வெளிவரத் தாமதமானதும், அதை முன்னிட்டு 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் விலகியதும், தேர்தல் முடிந்து மே 31-இல் அறிக்கை வெளியானதும் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டன. 6.1 என்ற எண்ணைச் சுற்றி நடந்த சண்டையில் இன்னொரு மாற்றம் பேச்சில்லாமல் போயிற்று. புதிய கணக்கெடுப்பின் அறிக்கைகள் வழக்கமான நிலையையும் வார நிலையையும் மட்டுமே முன்வைத்தன. ஏழு நாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று கேட்டு எழுதத்தான் செய்கிறார்கள். ஆய்வாளர் விரும்பினால் அதிலிருந்து நாள் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தலைப்பில் வரும் எண்ணாக அது இல்லை. நாள் கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் போகிறவர்களுக்கு மிகப் பொருத்தமான அளவு அதுதான் என்பதால், இந்த இழப்பை நான் சிறியதாகக் கருதவில்லை.

ஆண்டுக் கணக்கும் வாரக் கணக்கும் எவ்வளவு விலகும் என்பதை நாடே ஒருமுறை கண்டது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை, ஊரடங்குக் காலாண்டில், நகர்ப்புற வேலையின்மை வார நிலையில் ஏறத்தாழ 21 விழுக்காடு. அந்தக் காலாண்டையும் உள்ளடக்கிய 2019–20 ஆண்டறிக்கையில், ஊரும் நகரமும் சேர்ந்து, வழக்கமான நிலையில் 4.8, அதாவது முந்தைய ஆண்டைவிடக் குறைவு. இதில் மோசடி எதுவும் இல்லை. முந்தைய 365 நாளை நினைத்துச் சொல்லும்படி கேட்டால், மூன்று மாதத் துன்பம் ஒன்பது மாத வேலைக்குள் கரைந்துவிடும். வடிவமைப்பே அப்படி. சிவகாசிக்கோ இது ஒரு பேரிடர் ஆண்டின் விதிவிலக்கு அன்று. தீபாவளியை ஒட்டி ஆலை மூடுவதும், மழை ஓய்ந்து திறப்பதும், இடையில் விபத்து நடந்தால் ஆய்வுக்காகப் பல ஆலைகள் நிற்பதும் ஒவ்வோர் ஆண்டும் நடப்பவை. ஆண்டுக் கணக்கு இந்த ஊரின் இயல்பான வேலையின்மையை ஆண்டுதோறும் கரைத்துக்கொண்டே வருகிறது.

ஒரு மணி நேரம் உழைத்தாலே வேலையா என்று கோபப்படுவோர் பலர். அந்தக் கோபம் முழுவதும் நியாயமில்லை. 1982-இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 13-ஆவது பன்னாட்டு மாநாடு அந்த வரையறையை உறுதிசெய்தது. ஒரு நாட்டின் உற்பத்தியில் ஒரு மணி நேர உழைப்பும் சேருகிறது என்றால், அந்த உழைப்பைத் தந்தவரும் உழைப்பாளர் கணக்கில் வர வேண்டும் என்பது அதன் தர்க்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே வரையறைதான். அங்கே வேலை போனால் உதவித்தொகை உண்டு, வேலையில்லாமல் காத்திருக்கலாம். காத்திருக்க முடியாதவர்கள் வாழும் இடத்தில் அதே வரையறை வேறொன்றை அளக்கிறது. இங்கே ஏழைக்கு வேலையின்மை கட்டுப்படியாகாது. கிடைத்ததைச் செய்கிறார், ஆகவே வேலையில் இருப்பவர் ஆகிறார். பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா 1973-லேயே காலம், வருமானம், விருப்பம், உற்பத்தித்திறன் என்று நான்கு கோணங்களில் வேலையின்மையைப் பிரித்துக் காட்டினார். நாம் இன்றும் தலைப்பில் போடுவது காலத்தை மட்டும், அதிலும் மிகத் தாராளமான காலத்தை.

சிவகாசியில் வேலையில்லாதவரே கிடையாது என்று பெருமையாகச் சொல்லக் கேட்டிருப்போம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து வளர்ந்த ஊர். வானம் பார்த்த கரிசல் பூமியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்களை நிறுத்திய ஊர். அந்தப் பெருமைக்கு அடிப்படை உண்டு. நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இங்கிருந்து போகிறது. கைக்கு வேலை என்று கேட்டால் ஏதோ ஒன்று கிடைக்கும். அந்த ஏதோ ஒன்று எத்தனை நாளுக்கு, என்ன கூலிக்கு, யார் பொறுப்பில் என்பதுதான் அடுத்த கேள்வி.

யாருடைய தொழிலாளி?

வேலையில் இருப்பவர் என்று முடிவானதும், என்ன வகை வேலை என்று குறியீடு போட வேண்டும். பெரும்பிரிவு மூன்று: சுயதொழில், மாதச் சம்பளம் போன்ற நிலையான ஊதியம், அன்றாடக் கூலி. காகிதத்தில் தெளிவாக இருக்கும் இந்தப் பிரிவு, ஆலை வாசலில் கலங்கிப்போகிறது.

ஒரு பெண் பத்தாண்டாக ஒரே ஆலைக்கு ஒரே வேனில் போகிறார். செய்வது சங்கு சக்கரம். கூலி பீஸ் ரேட். வாரக் கடைசியில் கணக்குப் பார்த்துத் தருகிறார்கள். தீபாவளிக்கு போனஸ், தேவைப்பட்டால் முன்பணம். இவர் நிலையான ஊதியக்காரரா, கூலிக்காரரா? பீஸ் ரேட்டில் வாங்குபவரையும் நிலையான ஊதியத்தில் சேர்க்கலாம் என்று தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வரையறையே சொல்கிறது. வேலை ஒப்பந்தம் நாள்தோறும் அல்லது அவ்வப்போது புதுப்பிக்கப்படுவதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இவருக்கு எந்த ஒப்பந்தமும் எழுத்தில் இல்லை. கணக்கெடுப்பாளர் எப்படிக் கேட்கிறார், இவர் எப்படிச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று விழும். அதோடு, நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் லைசென்ஸ் பெற்ற பெரிய ஆலையா, மாவட்ட வருவாய் அலுவலரின் (டி.ஆர்.ஓ.) லைசென்ஸில் ஓடும் சிறு ஆலையா, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து வேறு ஆட்கள் நடத்துவதா என்பது தொழிலாளிக்கே பல நேரம் தெரியாது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நடந்த பெரு விபத்துகளுக்குப் பின் உள்குத்தகை என்ற சொல் செய்தித்தாள்களில் திரும்பத் திரும்ப வந்தது. இறந்தவர் யாருடைய தொழிலாளி என்று விபத்துக்குப் பிறகு தேட வேண்டியிருக்கிற இடத்தில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கப்படும் ஒரு கேள்விக்குத் துல்லியமான விடை கிடைக்கும் என்று நம்புவது கடினம்.

ஆலைக்கு வெளியே நிலைமை இன்னும் சிக்கல். வீட்டில் இருந்தபடியே காகிதக் குழாய் உருட்டுகிறவர்கள், தீப்பெட்டிக்கு அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக உண்டு. தாள், பசை எல்லாம் ஏஜென்ட் கொண்டுவந்து போடுவார். முடித்த சரக்கை எண்ணி எடுத்துப் போவார். கூலி குரோஸ் கணக்கு. விலையைத் தீர்மானிப்பது அவர், அளவைத் தீர்மானிப்பது அவர், நாளைக்கு வேலை உண்டா என்பதையும் தீர்மானிப்பது அவர். கணக்கெடுப்பு வரையறைப்படி இந்தப் பெண் சுயதொழில் செய்பவர். தன் வீட்டில், தன் நேரத்தில் செய்வதால், கூலியில் ஒரு பங்கு உழைப்புக்கும் மறு பங்கு தொழில் இலாபத்துக்கும் என்று கொள்ளப்படுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரிய மகளும், கண் மங்கிய மாமியாரும் கூட உட்கார்ந்து ஒட்டினால், அவர்கள் ‘குடும்பத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர்’. தாயின் முப்பது நாள் வருமானம் என்று எழுதப்படும் தொகையில் மூவரின் உழைப்பும் அடங்கியிருக்கும்.

இந்தக் குறையை உலகம் கவனித்துவிட்டது. 2018-இல் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 20-ஆவது பன்னாட்டு மாநாடு, முதலாளி என்றும் தொழிலாளி என்றும் பிரிக்க முடியாத இந்த இடைநிலைக்குச் சார்பு ஒப்பந்ததாரர் என்று தனி வகுப்பையே உருவாக்கியது. இந்தியாவின் வகைப்பாட்டில் அது இன்னும் இடம்பெறவில்லை. இதன் விளைவைத் தேசிய எண்களில் பாருங்கள். 2017–18-இல் வேலையில் இருப்போரில் 52.2 விழுக்காடு சுயதொழிலர், 2023–24-இல் 58.4. அதற்குள் ஊதியமில்லா உதவியாளர் பங்கு மட்டும் 13.6-இலிருந்து 19.4-க்கு ஏறியது. இதே காலத்தில் வேலையின்மை 6.1-இலிருந்து 3.2-க்கு இறங்கியது. தொழில்முனைவு பெருகியது என்று ஒருவர் படிக்கலாம். கூலிக்கு வழியில்லாமல் குடும்பத்துக்குள் ஒதுங்கியது என்று மற்றவர் படிக்கலாம். பெட்டி ஒட்டும் வீட்டை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், இரண்டாவது வாசிப்பை எளிதில் தள்ள முடியாது.

சொல்லப்படாத வேலை

பெண்களின் பங்கேற்பு விழுக்காடுதான் கடந்த பத்தாண்டின் பெரிய சர்ச்சை. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்போர் அணியில் இருப்பவர்கள் 2017–18-இல் 23.3 விழுக்காடு, 2023–24-இல் 41.7. ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றம். சி.எம்.ஐ.இ. என்ற தனியார் நிறுவனத்தின் கணக்கெடுப்பிலோ இதே காலத்தில் பெண்கள் பங்கேற்பு பத்து விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஒரே நாட்டுப் பெண்கள். சி.எம்.ஐ.இ. கணக்கெடுப்பு நாளை ஒட்டிய நிலையைக் கேட்கிறது, வேலையைத் தீவிரமாகத் தேடினாரா என்று பார்க்கிறது. பி.எல்.எஃப்.எஸ். ஆண்டு முழுவதையும் கிளறிக் கேட்டு, முப்பது நாள் வேலையையும் விடாமல் எழுதுகிறது.

கேட்கும் விதம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஒரு திண்ணைப் பேச்சைக் கற்பனை செய்துகொள்ளலாம். “வீட்டுல யாரு யாரு வேலைக்குப் போறீங்க?” என்று கேட்டால், “அவுக மட்டுந்தான் சார் போறாக. நான் வீட்டுலதான் இருக்கேன்” என்பதோடு முடியும். வீட்டுவேலை மட்டும் செய்பவர் என்ற 92-ஆம் குறியீடு விழும். “சும்மா இருக்கிற நேரத்துல குழாய் உருட்டுறதுண்டாக்கா?” என்று அடுத்த கேள்வி வந்தால், “அது மத்தியானம் மூணு மணிநேரம் உருட்டுவேன்” என்று பதில் வரும். உடனே அவர் உழைப்பாளி. குடும்பத் தலைவரோ மகனோ எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் வீடுகளில் அந்த இரண்டாவது பதில் வரவே வராது. அமர்த்தியா சென் 1975-இல் வேலைக்கு உற்பத்தி, வருமானம், அங்கீகாரம் என்று மூன்று முகம் உண்டு என்றார். குழாய் உருட்டும் பெண்ணிடம் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது வீட்டுக்குள்ளேயே இல்லை.

வேலை செய்யும் இடம் எது, சொந்த வீடா, ஆலையா, தெருவா என்று கணக்கெடுப்பில் ஒரு கேள்வி இருக்கிறது. நல்ல கேள்வி. ஆனால் அது உழைப்பாளர் என்று ஏற்கெனவே ஏற்கப்பட்டவரிடம்தான் கேட்கப்படும். வீட்டிலேயே வேலை செய்வதால் உழைப்பாளர் ஆகாமல் போனவரிடம் அது போய்ச் சேராது. 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் சுவரைக் கொஞ்சம் உடைத்தது. நீங்கள் வேலையில் இருக்கிறீர்களா என்று கேட்காமல், நேற்று அதிகாலை முதல் இன்று அதிகாலை வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி அரை மணியாக எழுதியது. சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம் என்று காட்டியது. வேலைவாய்ப்புக் கணக்கையும் இந்த நேரக் கணக்கையும் ஒரே வீட்டில் சேர்த்து எடுத்தால் சிவகாசிப் பெண்ணின் நாள் முழுதாகத் தெரியும்.

இதுவரை சொன்னவை எந்த ஊரின் பீடிக்கும் அப்பளத்துக்கும் பொருந்தும். பட்டாசு ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. வெற்றுக் காகிதக் குழாய் உருட்டுவது குற்றமில்லை. ஆனால் வெடிமருந்து தொட்ட எதையும் உரிமமில்லாத வீட்டில் வைத்துச் செய்வது குற்றம். கருந்திரி பறிமுதல், வீட்டில் சரவெடி தயாரித்தவர் கைது என்ற செய்தி இப்பகுதியில் வாடிக்கை. அந்த வீட்டுக்கு அரசாங்க அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் வந்து, கடந்த ஏழு நாளில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார். வருகிறவர் புள்ளியியல் துறையா, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையா, காவல் துறையா என்று அந்தக் குடும்பம் எப்படிப் பிரித்தறியும்? “வேலையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்பதே பாதுகாப்பான பதில். அப்போது மிக ஆபத்தான வேலையைச் செய்பவர் வேலையே இல்லாதவராகவோ, வீட்டுவேலை செய்பவராகவோ எண்ணப்படுகிறார்.

இந்த அச்சத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1976-இல் ஹர்பன்ஸ் சிங் குழு சிவகாசித் தொழிற்சாலைகளில் குழந்தைத் தொழிலாளர் பற்றி அறிக்கை தந்தது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை நாடெங்கும் இவ்வூரை அந்த ஒரு காரணத்துக்காக அறியச் செய்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தப் போராட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து ஆலைகளிலிருந்து பிள்ளைகளைப் பெருமளவு வெளியே கொண்டுவந்தன. அது இம்மாவட்டம் பெற்ற உண்மையான வெற்றி. கூடவே, கேள்வி கேட்க வருகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் இரண்டு தலைமுறைக்குப் பழக்கமாகிவிட்டது என்று கருதுகிறேன். அதோடு தலைப்பில் வரும் விழுக்காடுகள் இப்போது பெரும்பாலும் பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரைப் பற்றியவை. பெட்டி ஒட்டும் பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தேட வேண்டுமானால் உள் அட்டவணைகளுக்குப் போக வேண்டும்.

இதே வீடுகளின் அடுத்த தலைமுறை வேறொரு கட்டத்தில் பதிவாகிறது. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் விருதுநகர். தாய் மருந்து அறையில் வாங்கிய கூலியில் மகன் பொறியியல் முடிக்கிறான். மருந்துக்குள் கை வைக்க மாட்டேன் என்கிறான். வைக்கக் கூடாது என்றுதான் தாயும் படிக்கவைத்தார். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலை தேடும் அவன் 81-ஆம் குறியீட்டில், வேலையில்லாதவன் என்று விழுகிறான். நாட்டில் 15 முதல் 29 வயது வரையிலானோரில் வேலையின்மை 2023–24-இல் 10.2 விழுக்காடு, மொத்த விழுக்காட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஐம்பது வயதுத் தாய் வாரத்துக்கு இரண்டு நாள் வேலையோடு ‘வேலையில் இருப்பவர்’, மகன் ‘வேலையில்லாதவன்’. மகனின் தவிப்பு பொய்யில்லை. ஆனால் அந்த வீட்டின் நெருக்கடி அவனிடம் மட்டும் இருப்பதாக எண் காட்டுவது பிழையான படம். அந்த எண்ணை வைத்துத் திட்டம் தீட்டுகிறவர்கள் மகனுக்குத் திறன் பயிற்சி முகாம் நடத்துவார்கள். தாயின் மூன்று மாத மழைக்காலத்தை யாரும் திட்டத்தில் எழுத மாட்டார்கள்.

அப்படியென்றால் இந்தக் கணக்கெடுப்புகளை ஒதுக்கிவிடலாமா? கூடவே கூடாது. மாற்று என்ன இருக்கிறது? ஆலைப் பதிவேட்டை எடுத்தால் உள்குத்தகை ஆட்கள் இருக்க மாட்டார்கள், வீட்டில் ஒட்டுகிறவர்கள் இருக்கவே மாட்டார்கள். தொழில்துறையினர் எட்டு லட்சம் பேர் பிழைப்பு என்கிறார்கள். அதில் வணிகர், லாரி, அச்சு, அட்டைப்பெட்டி என எல்லாம் அடக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை இம்மாவட்டத்தின் மொத்த மக்களே 19,42,288. அந்த எட்டு லட்சத்தை எந்தப் பதிவேட்டிலிருந்தும் சரிபார்க்க வழியில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, வேலையில் இருந்துகொண்டே புதுப்பிப்பவர்களையும் சுமக்கிறது. வீடு வீடாகப் போய், தற்செயல் மாதிரியில் தேர்ந்தெடுத்து, ஒரே கேள்வியை ஒரே முறையில் கேட்பது மட்டுமே எல்லோரையும் எட்டக்கூடிய வழி. குறை வழியில் இல்லை. கேள்வியிலும், விடையைச் சுருக்கி அச்சிடுவதிலும் இருக்கிறது.

2025 ஜனவரியில் பி.எல்.எஃப்.எஸ். பெரிதாக மாற்றியமைக்கப்பட்டது. ஆண்டு மாதிரி ஏறத்தாழ 1,02,400 வீடுகளிலிருந்து 2,72,304-ஆக உயர்ந்தது. முன்பு நகர வீடுகளுக்கு மட்டும் நான்கு முறை போனார்கள், கிராமத்துக்கு ஒரு முறை. இப்போது இரண்டுக்கும் நான்கு. ஏப்ரல் 2025 தொடங்கி மாதந்தோறும் வார நிலை விழுக்காடு வெளியாகிறது. முதல் மாதம் 5.1. சிவகாசிக்கு இவற்றைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. மாதிரி எடுப்பதற்கான அடிப்படை அலகாக இப்போது மாவட்டம் ஆகியிருக்கிறது. முன்பு விருதுநகர், மதுரை, இராமநாதபுரம், கன்னியாகுமரி எல்லாம் தமிழ்நாட்டின் தென்மண்டலம் என்ற ஒரே பிராந்தியத்துக்குள் கலந்து கிடந்தன. இனி இரண்டு மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்தால், மாவட்டத்துக்கென்று நம்பத்தக்க ஓர் எண்ணைத் தேட வழி பிறந்திருக்கிறது. ஒரே கிராமத்து வீட்டுக்கு நான்கு முறை போவதால், ஆலை மூடிய மாதத்தையும் திறந்த மாதத்தையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்க முடியும். இது இதற்கு முன் முடியாதது.

அந்த வாய்ப்பை வீணாக்காமல் இருக்க வேண்டுமானால், மாநில அரசு செய்யக்கூடியது அதிகம். தேசிய மாதிரிச் சுற்றுகளில் தமிழகப் பொருளியல், புள்ளியியல் துறை மாநில மாதிரி எடுப்பது நீண்ட நாள் வழக்கம். விருதுநகருக்கும் தூத்துக்குடியின் தீப்பெட்டிப் பகுதிகளுக்கும் அந்த மாதிரியைக் கூட்டி, வேலை உண்டா என்ற பொதுக் கேள்விக்குப் பிறகு, குழாய் உருட்டுவதுண்டா, பெட்டி ஒட்டுவதுண்டா, காலண்டர் அட்டைக்கு வேலை செய்வதுண்டா என்று பெயர் சொல்லிக் கேட்கும் பட்டியல் ஒன்றைச் சேர்க்கலாம். பதிலை வீட்டுத் தலைவரிடம் வாங்காமல் அந்தப் பெண்ணிடமே வாங்கலாம். ஏழு நாள் மணிக்கணக்கு ஏற்கெனவே எழுதப்படுவதால் நாள் நிலை விழுக்காட்டையும் மாதவாரியாக வெளியிடலாம். புதுக் கருவி எதுவும் வேண்டாம்.

வாக்குறுதி ஒன்றும் வேண்டும். 2008-இன் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி, கணக்கெடுப்பில் சொன்ன தகவல் புள்ளியியல் பயனுக்கு மட்டுமே. அதாவது கருந்திரி பற்றிச் சொன்னதை வைத்து அந்த வீட்டின் மேல் வழக்குப் போடக் கூடாது. இந்தப் பாதுகாப்பு புத்தகத்தில் இருந்து பயனில்லை. கணக்கெடுப்பாளர் திண்ணையில் உட்கார்ந்ததும், முதல் கேள்விக்கு முன்னால், அந்த வட்டாரத் தமிழில், இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்திலும் ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.